‘டீஆக்டிவேட்’ செய்த பயனர் கணக்கு: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களுக்கான மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கி வருகிறோம். மெர்ச்சண்டைசர், குவாலிட்டி, ஸ்டோர், அக்கவுண்ட்ஸ் என்று ஒவ்வொருவருக்கும் தனி லாகின். இங்கே வேலையை விட்டு நிற்பதும், அடுத்த சீசனில் அதே கம்பெனிக்குத் திரும்பி வருவதும் சாதாரணம். நின்றவரின் கணக்கை அழிக்காமல் டீஆக்டிவேட் செய்வார்கள், வந்ததும் ரீஆக்டிவேட். இந்த இரண்டு பொத்தான்களுக்கும் பெயர் வேண்டும்.

இதுவரை வந்த பரிந்துரைகள் எதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. ‘கணக்கு முடக்கம்’ என்றால் செய்தித்தாள் படிப்பவருக்கு வழக்கும் வரிச் சோதனையும்தான் நினைவுக்கு வரும். ‘இடைநீக்கம்’ ஒழுங்கு நடவடிக்கை. பிரசவத்துக்காக வேலையை விட்டுவிட்டு, குழந்தை வளர்ந்ததும் திரும்பி வரும் பெண் தன் பெயருக்கு நேரே அந்தச் சொல்லைப் பார்க்கக் கூடாது. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. ‘செயலிழந்த’ என்பது கெட்டுப்போனதற்குச் சொல்வது. ‘செயல்படாத கணக்கு’ வங்கிக்காரர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது: வாடிக்கையாளர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடாத கணக்கு. அது கவனிப்பில்லாமல் நேர்வது. இது நிர்வாகி தெரிந்தே செய்வது.

என் பரிந்துரை: ‘நிறுத்திவை’. இதில் ‘வை’தான் முக்கியம். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்காரர் “தறியை நிறுத்தி வெச்சிருக்கேன்” என்றால், நூல் விலை இறங்கியதும் ஓட்டுவார் என்று அர்த்தம். “நிறுத்திட்டேன்” என்றால் கேட்பவர் வேறு மாதிரி புரிந்துகொள்வார். டீஆக்டிவேட் செய்த கணக்கும் அப்படித்தான். உள்ளே இருப்பது எல்லாம் பத்திரமாக இருக்கிறது, நுழைய மட்டும் முடியாது. எதிர்ச்சொல் ‘மீண்டும் இயக்கு’.

‘நீக்கு’ என்பதை உண்மையான அழிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். கூகுள் வொர்க்ஸ்பேஸில் நீக்கிய பயனரை 20 நாளுக்குள்ளும், மைக்ரோசாஃப்ட் 365-இல் 30 நாளுக்குள்ளும் மீட்கலாம். அதற்குமேல் வழியில்லை. ஆகவே ‘மீட்டெடு’ அந்த வேலைக்குரிய சொல், இங்கே அதைக் கலக்க வேண்டாம். அலுவலகக் கணினிகளின் பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸ் ஆக்டிவ் டைரக்டரியோ அனுமதிகளைப் பெயரோடு சேர்த்து வைப்பதில்லை. கணக்கு உருவாகும்போதே கிடைக்கும் எஸ்ஐடி என்ற எண்ணோடுதான் சேர்த்து வைக்கிறது. பழைய கணக்கை அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாகத் தொடங்கினால் எண் வேறு. முன்பு தனக்குத் திறந்த கோப்புறை எதுவும் அவருக்குத் திறக்காது. ‘நீக்கு’ பொத்தானையும் ‘நிறுத்திவை’ பொத்தானையும் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களால் எழுதினால் இந்தத் தொல்லைதான் வரும்.

கருத்து சொல்லுங்கள்.

*

வணக்கம் ஐயா. ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன்.

‘நிறுத்திவை’ பிடித்திருக்கிறது. ஆனால் சம்பளப் பட்டியல் போடுபவர்களுக்கு ‘நிறுத்திவைப்பு’ என்றால் கொடுக்காமல் பிடித்து வைத்த சம்பளம். இரண்டும் ஒரே மென்பொருளில் வந்தால் குழப்பம்தானே?

இன்னொன்று. அக்கவுண்ட்ஸில் இருந்தவர் திரும்பி வரும்போது ஸ்டோரில் சேரலாம். ‘மீண்டும் இயக்கு’ என்று அழுத்தியதும் பழைய அனுமதிகளும் கூடவே வந்துவிடும். வங்கிப் பணம் அனுப்பும் உரிமைகூட வரலாம். இதை அந்தச் சொல் மட்டும் உணர்த்தாது. அப்புறம், ஆள் திரும்பி வந்தது தெரியாமலேயே எச்ஆர் புதுக் கணக்கு தொடங்குவதும் நடக்கிறது. இனிஷியல் மாறியிருக்கும், பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். பிஎஃப் பிடிக்கும் இடத்தில் யுஏஎன் என்ற 12 இலக்க எண் கம்பெனி மாறினாலும் மாறாது. அதை வைத்துத் தேடச் சொல்லும் வரியும் திரையில் வேண்டும்.

*

சரிங்க, நீங்கள் சொன்ன சம்பளக் குழப்பம் உண்மையானது. அதனால் ‘நிறுத்திவைப்பு’ என்று தனியாக எங்கும் எழுத வேண்டாம். ‘கணக்கை நிறுத்திவை’, ‘நிறுத்திவைத்த கணக்கு’ என்று ‘கணக்கு’ எப்போதும் கூடவே வரட்டும். சம்பளத் திரையில் ‘நிலுவைச் சம்பளம்’ என்றே போடலாம், எல்லோருக்கும் புரியும்.

அனுமதி விஷயத்தைச் சொல்லுக்குள் திணிக்க முடியாது. அதைத் திரையே கேட்கட்டும். யுஏஎன் தேடலையும் சேர்த்து இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

“இந்த யுஏஎன் எண்ணில் நிறுத்திவைத்த கணக்கு ஒன்று உள்ளது. புதிய கணக்கு தொடங்க வேண்டாம். இதையே மீண்டும் இயக்கவும். இயக்கும் முன் இவர் இப்போது சேரும் பிரிவைத் தேர்ந்தெடுக்கவும். பழைய பிரிவின் அனுமதிகள் தானாகத் திரும்ப வராது.”

கடைசி வரி உண்மையாக வேண்டுமானால் மென்பொருளையும் மாற்ற வேண்டும். அதை நிரல் எழுதுபவர்களிடம் இன்றே கேட்கிறேன்.