'ப்ளீட்', 'ஸ்பில்': ஒலிக்கசிவா, அயலொலியா?

வணக்கம்.

ஸ்னேர் ட்றம்முக்கு வைத்த மைக்கில் பக்கத்து ஹை-ஹட் தட்டுகளின் சத்தமும் விழுவதை ப்ளீட் என்றும் ஸ்பில் என்றும் சொல்கிறோம். வீட்டு ஒலிப்பதிவுக் கையேட்டின் வரைவில் இதற்கு 'ஒலிக்கசிவு' என்று இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் கசிவு என்றால் நம் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போவது. அதற்கு மருந்து சுவரும் கதவிடுக்கும். இதற்கு மருந்து மைக் வைக்கும் இடம். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் வாசிப்பவர் சுவரில் மெத்தை கட்டத் தொடங்குவார்.

'தலையீடு' வேண்டாம். நம் பௌதிகப் பாடநூலில் அது இரண்டு அலைகள் சேர்வதால் வரும் விளைவு. ப்ளீட் அதற்குக் காரணமாகலாம், அதுவே ஆகாது.

என் முன்மொழிவு: மைக்குக்கு உரிய கருவியின் ஒலி தன்னொலி, மற்றக் கருவிகளின் ஒலி அயலொலி. வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்:

"கார்டியோயிட் (முன்பக்க ஒலியை அதிகம் எடுக்கும்) மைக்கின் முதுகை ஹை-ஹட்டுக்குக் காட்டினால் அயலொலி குறையும். அதைவிடக் குறுகலாக எடுக்கும் சூப்பர்கார்டியோயிட்டுக்கு நேர்பின்புறம் சரிவராது. அதன் செவிட்டுத் திசை (ஒலி மிகக் குறைவாக விழும் பக்கம்) முன்பக்கத்திலிருந்து ஏறத்தாழ 125 பாகையில் உள்ளது."

"மைக் கருவியிலிருந்து 20 செ.மீ. என்றால் அடுத்த மைக்கை 60 செ.மீ. தள்ளி வையுங்கள். அயலொலி 9, 10 டெசிபல் தாழும். மாபிள் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள அறையில் அவ்வளவு கிடைக்காது."

---

> மற்றக் கருவிகளின் ஒலி அயலொலி

ஐயா, சொல் பிடித்திருக்கிறது, வரையறை போதாது. இங்கே அயல் என்றால் அயலவர்தான். காலி வீதி பஸ் ஹோன், கரையோர ரயில், மின்விசிறி எல்லாம் அயலொலியா? அவற்றைப் 'புறவொலி' என்று பிரித்துவிடலாம். ஹெட்போனிலிருந்து பாடகரின் மைக்கில் விழும், தாளம் காட்டும் கிளிக் சத்தம் கருவியே அல்ல, ஆனால் அயலொலிதான்.

வழிகாட்டிக் குரலையும் (மற்றவர்கள் வாசிக்க உதவியாகப் பாடும் தற்காலிகக் குரல்) உதாரணமாகச் சேருங்கள். ட்றம்ஸோடு ஒரே அறையில் பாடினால் அது ட்றம்ஸுக்கு மேலே வைக்கும் ஓவர்ஹெட் மைக்குகளில் விழும். பிறகு வரியை மாற்றிப் பாடினாலும் பழைய வரி பின்னால் பேய்போலக் கேட்கும். கேட் (குறித்த அளவுக்குக் கீழான ஒலியை அடைப்பது) போட்டும் தப்ப முடியாது: ஸ்னேர் அடிக்கும்போது கேட் திறக்கும், ஹை-ஹட்டும் கூடவே வரும். பேஸ் கிற்றாரையும் கீபோர்டையும் டிஐ பெட்டி வழியே, மைக் இல்லாமல் நேரடியாக எடுத்தால் அந்த ட்ராக்குகளில் அயலொலிக்கே வழியில்லை.

தலையீட்டுக்குக் கையேட்டில் தனிக் குறிப்பு வேண்டும். கொழும்பு வெக்கையில், ஒரே ஒலி இரண்டு மைக்குகளுக்கு வரும் தூரத்தில் 35 செ.மீ. வித்தியாசம் என்றால் ஏறத்தாழ 1 மில்லிசெக்கன் தாமதம். இரண்டு ட்ராக்கும் சம அளவில் கலந்தால் 500, 1500 ஹேர்ட்ஸ் மீடிறன்களில் பள்ளம் விழும். ஸ்னேர் தகரம்போல ஒலிக்கும்.

---

சரி தம்பி, திருத்துகிறேன். அயலொலி: ஒரு மைக்கில், அதற்கு உரிய மூலத்தைத் தவிர்த்து, அதே பதிவின் வேறு மூலங்களிலிருந்து விழும் ஒலி. வினையாக 'விழு' மட்டும் போதும், இசைக்குழுவினர் வாயில் வருவதும் அதுதான். 'அயலொலி கசிகிறது' என்று எழுதினால் மறுபடி மெத்தைக்கே போய்விடுவோம்.