விபத்தை நேரில் பார்த்தவர் சாட்சி சொல்லத் தயங்குகிறார், என்ன செய்யலாம்?

எல்லோருக்கும் வணக்கம். எட்டு மாதத்துக்கு முன்னால் என் அக்காவின் காரை இன்னொரு கார் பக்கவாட்டில் இடித்துவிட்டது. இடுப்பு எலும்பு முறிந்து, இன்றைக்கும் மாடி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கித்தான் அடுத்த காலை வைக்கிறாள். இழப்பீட்டு வழக்கு இப்போது சாட்சி விசாரணைக்கு வந்திருக்கிறது.

எங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி, அப்போது சாலையைக் கடக்க நின்றிருந்த ஒரு பெரியவர். இடித்த காருக்கு சிக்னல் சிவப்பு என்பதில் உறுதியாக இருக்கிறார். வேகம் எவ்வளவு என்று கேட்டால்தான் ஒருநாள் 60 என்கிறார், இன்னொரு நாள் 80. அவர் பொய் சொல்லவில்லை. கேட்கும் வார்த்தையைப் பொறுத்தே வேகக் கணிப்பு மாறுமாம்: 1974-ல் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் செய்த ஆய்வில், ஒரே விபத்துக் காட்சிகளைப் பார்த்தவர்களிடம் கார்கள் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று கேட்டால் சராசரியாக மணிக்கு 40 மைலுக்கு மேல் என்றார்கள், ‘தொட்டபோது’ என்று கேட்டால் 31.8 தான். குறுக்கு விசாரணையில் இந்த வேகக் கணக்கைப் பிடித்துக்கொண்டு சிக்னல் பற்றிச் சொன்னதையும் சேர்த்து உடைத்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம், அவருக்கும் அதே பயம், அதனால்தான் வரமாட்டேன் என்கிறார்.

அவருக்கு எதையும் சொல்லிக்கொடுக்க மாட்டேன், அது தப்பு, வழக்கும் கெட்டுப்போகும். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்லலாம் ஐயா என்று மட்டும் சொன்னேன்.

கோர்ட்டில் சாட்சி சொன்னவர்கள் யாராவது இருக்கிறீர்களா? குறுக்கு விசாரணையில் எப்படிக் கேட்டார்கள்? அப்புறம் வக்கீல்கள் இருந்தால், சம்மன் அனுப்பி வரவழைப்பது நல்லதா, அவராக மனம் மாறும்வரை பொறுப்பதா? அடுத்த விசாரணைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.