பழைய செயின்சா வாங்கலாமா? ரேஸ் கொடுத்தால் அணைந்துவிடுகிறது

கேட்டவர் (சிவகங்கைப் பக்கம்):
வரப்பு முழுக்கச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. காய்ந்த வேம்பு ஒன்றும் சாய்ந்து கிடக்கிறது. வீட்டு அடுப்புக்கு விறகாகும், ஆனால் ஆள் வைத்து அறுத்தால் கூலி கட்டுப்படியாகவில்லை. பக்கத்து ஊரில் ஒருவர் 58 சிசி மிஷின், 22 இஞ்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), 4,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். சோக் போட்டு இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிலும் ஓடுகிறது. ரேஸ் கொடுத்ததும் திணறி அணைந்துவிடுகிறது. கார்புரேட்டரைக் கழுவினால் சரியாகிவிடும் என்று சொல்கிறார். ஒரு கட்டையை அறுத்துப் பார்த்தேன், வெட்டு வலது பக்கமாக வளைந்து போகிறது. வாங்கலாமா?

பதில் (பட்டறை வைத்திருப்பவர்):
தம்பி, கார்புரேட்டரை அப்புறம் பார்க்கலாம். முதலில் பிஸ்டனைப் பாருங்கள். எஞ்சின் ஆறியதும் சைலன்சரின் போல்ட்டுகளைக் கழற்றி எடுத்தால் புகை போகும் வாய் தெரியும். கயிற்றை மெதுவாக இழுத்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பிஸ்டன் பக்கச்சுவர் வழவழப்பாக, கடைசல் கோடுகள் குறுக்கே மெல்லிசாகத் தெரிந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கீறல் விழுந்து, அலுமினியம் இழுபட்ட மாதிரி இருந்தால் ஆயில் குறைவாகவோ சூடு ஏறியோ எஞ்சின் ஒருமுறை இறுகிப் பிடித்திருக்கிறது. அப்படி என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். பிஸ்டன், போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) மாற்றி, கூலியும் கொடுத்தால் புதுசு விலையை நெருங்கிவிடும்.

விற்கிறவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் அதுவே பதில்.

பதில் (மலைத்தோட்டக்காரர்):
வெட்டு வளைவதற்குப் பெரும்பாலும் செயின்தான் காரணம். இரண்டு பக்கப் பல்லில் எந்தப் பக்கம் கூர் அதிகமோ அந்தப் பக்கம் இழுக்கும். வலது பக்கம் போகிறது என்றால் இடது பற்கள் மழுங்கியிருக்கும், அல்லது குட்டையாக இருக்கும். இருப்பதிலேயே குட்டையான பல்லை அளவாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அந்த நீளத்துக்கு அரம் போட வேண்டும். 0.325 பிட்ச் (செயின் கண்ணி இடைவெளி அளவு) செயினுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம், 30 டிகிரிச் சாய்வு. உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள், முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள்.

அறுக்கும்போது கீழே விழுவதைக் கையில் எடுத்துப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் கூர் இருக்கிறது. மாவு மாதிரி விழுந்தால் அரத்தை எடுக்கும் நேரம். அதற்கு மேலும் அழுத்தி அறுத்தால் பாரும் கிளட்சும்தான் தேயும்.

செயினைச் சரிசெய்தும் வளைந்தால் பாரின் இரண்டு விளிம்பில் ஒன்று தேய்ந்திருக்கும். பாரை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பி மாட்டினால் ஒரே பக்கம் தேயாது.

கேட்டவர்:
சைலன்சரைக் கழற்றிப் பார்த்துவிட்டேன் அண்ணே. கீறல் இல்லை. பழுப்புக் கறை மட்டும் இருக்கிறது, குறுக்குக் கோடுகள் தெரிகின்றன. பெட்ரோல் குழாயைத் தொட்டால் விறைப்பாக இருக்கிறது, டேங்க் வாய்க்குப் பக்கத்தில் வெடிப்பும் தெரிகிறது.

பட்டறைக்காரர்:
அப்படியானால் எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது, பேரம் பேசி வாங்குங்கள். வெடித்த குழாய் வழியாகக் காற்று இழுப்பதால் ரேஸ் கொடுக்கும்போது பெட்ரோல் போதவில்லை. குழாய், டேங்குக்குள் இருக்கும் ஃபில்டர், கார்புரேட்டர் டயாப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். அதைச் செய்யாமல் கார்புரேட்டர் திருகை மட்டும் திருகி ஓட்டினால் சூடேறி, இப்போது நன்றாக இருக்கும் பிஸ்டன் போய்விடும்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். ஆகவே வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் கலந்துகொள்ளுங்கள். இந்த மாதிரி 58 சிசி மிஷின்களில் பலவற்றுக்கு 25-க்கு 1 என்று போட்டிருக்கும், அதாவது லிட்டருக்கு 40 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில். உங்கள் மிஷினில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து மாதக்கணக்கில் வைப்பதானால் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓட விடுங்கள்.

இன்னொருவர்:
செயின் ஆயிலுக்கு வண்டியில் வடித்த பழைய ஆயிலே போதும். நாங்கள் அதைத்தான் ஊற்றுகிறோம்.

மலைத்தோட்டக்காரர்:
அதில் இரும்புத் தூள் இருக்கும் ஐயா, சின்ன ஆயில் பம்பையும் பாரையும் தின்றுவிடும். தெறிப்பதும் நம் மேல்தான். ஆயில் வருகிறதா என்று பார்க்க, பார் நுனியை ஒரு அட்டைக்கு மேலே பிடித்து ரேஸ் கொடுங்கள். அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும்.

தம்பி, காசு கொடுப்பதற்கு முன் பிரேக்கைப் பாருங்கள். செயின் ஓடும்போது முன்கைக் காப்பை (முன்பிடிக்கு முன்னால் நிற்கும் தகடு) முன்னால் தள்ளினால் அந்த நொடியே நிற்க வேண்டும். ஐடிலில் செயின் சுற்றக் கூடாது. பார் நுனியின் மேல் பாதி கட்டையில் பட்டால் மிஷின் முகத்துக்கு எகிறும், கருவேலம் புதரில் அது சுலபமாக நடக்கும். செருப்புக் காலோடு இறங்காதீர்கள், பூட்ஸும் கண்ணாடியும் போடுங்கள். வளைந்து இழுவிசையோடு நிற்கும் கிளையை ஒரே வெட்டில் அறுக்காதீர்கள். உள்வளைவில் கொஞ்சம் வெட்டிவிட்டுப் பிறகு வெளிப்பக்கம் வாருங்கள்.

கேட்டவர்:
பிரேக் பிடிக்கிறது. 3,200-க்கு முடித்துவிட்டேன். சூடானதும் செயின் தொங்குகிறதே, உடனே இறுக்கலாமா?

பட்டறைக்காரர்:
ரொம்பத் தொங்கினால் நிறுத்தி இறுக்கலாம், கழன்றுவிடக் கூடாது. ஆனால் வேலை முடிந்ததும் மறக்காமல் தளர்த்துங்கள். ஆறும்போது செயின் சுருங்கும், இறுக்கமாகவே விட்டால் பாரும் கிராங்க் பேரிங்கும் அடி வாங்கும். ஆறிய நிலையில் செயின் பாரின் அடியைத் தொட்டபடி, கையால் இழுத்தால் ஓடுகிற அளவு சரி.