மறு: தரவுக்கு உரிய ஆளை எப்படி அழைப்பது?

அட்டனிலிருந்து:
வணக்கம். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி ஞாயிறு தோட்டத்து இளைஞர்களுக்கு ஒரு வகுப்பு. துண்டுப்பிரசுரம் நாளை அச்சுக்குப் போகவேண்டும். தண்டம் 1 கோடி ரூபாய் வரை என்பது எல்லோருக்கும் விளங்குகிறது. யாருடைய விவரமோ அந்த ஆளுக்குத்தான் (ஆங்கிலத்தில் ‘data subject’) விளங்கும் சொல் கிடைக்கவில்லை. ‘தரவுப் பொருள்’ என்று போட்டிருந்தேன். வாசித்த தங்கச்சி, “நான் என்ன சாமானா அண்ணே?” என்கிறாள்.

பேராதனையிலிருந்து:
தம்பி, தங்கச்சி சொல்வது சரி. இலக்கணப்படி நிறுவனம்தான் எழுவாய், நாமெல்லாம் செயப்படுபொருள். ‘தரவுரித்தாளர்’ என்று போடுங்கள். தரவு, ‘தா’ அடியாகப் பிறந்தது. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றே பெயர். அடுத்து வரும் தாழிசையை நோக்கினால்...

பண்டாரவளையிலிருந்து:
சேர், நீங்கள் கலிப்பாவின் கடைசி உறுப்பான சுரிதகத்துக்கு வருவதற்குள் அச்சகம் பூட்டிவிடும். உரித்தாளி என்றால் வாரிசு. இந்தச் சட்டம் இறந்தவரின் தரவையும் காக்கிறது. அப்புறம் ‘தரவுரித்தாளரின் உரித்தாளி’ என்று எழுதவேண்டி வரும். ஆட்பதிவுத் திணைக்களம் இருக்கிற நாட்டில் ‘தரவுக்குரிய ஆள்’ போதாதா? மரியாதை வேண்டுமென்றால் ‘தரவுக்குரியவர்’.

பதுளையிலிருந்து:
‘தரவு’ என்ற சொல்லே லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், யாருக்கும் விளங்காது. விவரம் என்றால் விளங்கும். எங்கள் பக்கம் ஒரு அக்கா, கடன் குழுவுக்கென்று அடையாள அட்டைப் பிரதி கொடுத்தார். பிறகு அதே பிரதியில் அவர் கேட்காத இன்னொரு கடன். துண்டுப்பிரசுரம் என்றதும் பழைய ‘துண்டு’ ஞாபகம் வருகிறது. ஆளின் கடனை எழுதிய சீட்டு. கடனைக் கட்டுகிற தோட்டத்துக்கு ஆள் போகலாம். அந்த முறையை 1921இல் ஒழித்தார்கள். பேர் பாட்டனுடையது, சீட்டு ஆட்களை மேய்க்கும் கங்காணி கையில். என் வாக்கு ‘விவரக்காரர்’.

பண்டாரவளையிலிருந்து:
டீச்சர், விவரக்காரர் என்றால் கெட்டிக்காரர் அல்லவா?

பதுளையிலிருந்து:
கெட்டிக்காரராகவே இருக்கட்டுமே.

அட்டனிலிருந்து:
மன்னிக்கவும், அச்சகத்தார் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். ‘தரவுக்குரியவர்’ என்றே கொடுத்துவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் ‘அதாவது, அந்த விவரம் யாருடையதோ அவர்’ என்று சேர்த்திருக்கிறேன். டீச்சர் கோபிக்கவேண்டாம்.

பேராதனையிலிருந்து:
எனக்கு உடன்பாடில்லை, அதைப் பதிவுசெய்துவிடுங்கள். தாழிசை பற்றித் தனியாக எழுதுகிறேன்.