ஒரே கணினி மாதிரிக்கு ஒருமுறை 0.5, மறுமுறை 0 முதல் 1 வரை: பிழை எங்கே?

கேள்வி

என் மாதிரியில் மூன்று ப்ராசஸ்கள் (தனித்தனி நிரல்கள்) இணையாக ஓடுகின்றன. முதலாவது ஒரு நாணயத்தைச் சுண்டி, விழுந்ததை (0 அல்லது 1) ‘காசு’ என்ற தன் சொந்த மாறியில் வைத்துக்கொள்கிறது. இரண்டாவது, ‘பலகை’ என்ற பொது மாறியில் 0 எழுதுகிறது. மூன்றாவது அதே பலகையில் 1 எழுதுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் அடிதான். எல்லாம் முடிந்தபின் பலகையும் காசும் ஒத்திருக்க நிகழ்தகவு என்ன?

நிகழ்தகவு மாதிரிகளைச் சரிபார்க்கும் ப்ரிஸம் மென்பொருளில், மாதிரியின் வகையை டிடிஎம்சி என்று அறிவித்து ஓட்டினால் 0.5. அந்த அறிவிப்பை மட்டும் எம்டிபி என்று மாற்றி, குறைந்தபட்சமும் அதிகபட்சமும் கேட்டால் 0, 1. பலகையில் எழுதும் இருவரும் காசைப் படிப்பதே இல்லை! இரண்டு நாட்களாக வரிவரியாகத் தேடுகிறேன். யாராவது உதவுங்கள்.

பதில் 1

பிழை இல்லை, நண்பரே. இரண்டு விடைகளும் சரி, கேள்விகள்தான் வேறு.

டிடிஎம்சி என்றால் மார்க்கோவ் சங்கிலி: அடுத்து நடப்பது எல்லாமே நிகழ்தகவால் முடிவாகும். அடுத்து எந்த ப்ராசஸ் நகரும் என்பதையும் ப்ரிஸம் அங்கே சம வாய்ப்புள்ள குலுக்கலாக எடுத்துக்கொள்கிறது. நீங்கள் எழுதாத ஒரு பகடை உங்கள் மாதிரிக்குள் உருள்கிறது. எம்டிபியில் (மார்க்கோவ் முடிவெடுப்புச் செயல்முறை) அந்தத் தேர்வு ஷெட்யூலர் கையில் இருக்கிறது, அதாவது அடுத்து யார் நகர்வது என்று தீர்மானிப்பவர் கையில். அது இதுவரை நடந்த அனைத்தையும் பார்க்கும், காசு உட்பட. முதலில் சுண்டவிடும். 1 விழுந்தால் 0 எழுதுபவரை முன்னே அனுப்பி, 1 எழுதுபவரைக் கடைசியில் விடும். 0 விழுந்தால் வரிசையைப் புரட்டும். எப்போதும் ஒத்துப்போகும். கெடுக்க நினைத்தால் நேர்மாறாகச் செய்யும். அதனால்தான் 1, 0.

பதில் 2

காசைப் பார்க்காத ஷெட்யூலர் போதுமென்றால் விடை 0.5தானே? வரிசை எதுவாயினும் அது முன்கூட்டியே முடிவாகியிருந்தால் நாணயம் அதைச் சார்ந்திராது.

பதில் 3

இந்தச் சிறு மாதிரிக்கு அது உண்மை. ஆனால் சாதாரண எம்டிபி பகுப்பாய்வு அந்தக் கட்டுப்பாட்டை அறியாது. ஒவ்வொரு ப்ராசஸும் தனக்குத் தெரிந்ததை வைத்து மட்டுமே முடிவெடுக்கும் ஷெட்யூலர்களிடையே அதிகபட்சம் காண்பது, பொதுநிலையில் தீர்மானிக்கவே முடியாத சிக்கல்.

நிஜ இயந்திரத்தில் ‘பார்க்காது’ என்று நம்புவதும் ஆபத்து. 1 விழுந்தால் ப்ராசஸ் நீண்ட கிளையில் போகிறது, 0 விழுந்தால் சட்டென்று முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இருவரும் எப்போது நகர்வார்கள் என்பதை அந்த நேர வேறுபாடே மாற்றிவிடும். யாரும் காசைப் படிக்கவில்லை. ஆனாலும் வரிசை காசைச் சார்ந்துவிட்டது. 0.5 என்று அறிக்கையில் எழுதுமுன் இதை யோசியுங்கள்.

நிரலை மாற்ற முடியுமென்றால், இருவரும் எழுதிய பிறகே நாணயத்தைச் சுண்டும்படி காவல் நிபந்தனை (அது நிறைவேறினால்தான் அந்த அடி நடக்கும்) வையுங்கள்.

கேட்டவர்

செய்துவிட்டேன். குறைந்தபட்சமும் அதிகபட்சமும் இப்போது 0.5. மிக்க நன்றி.

ஆனால் இது ஒரு பயிற்சிதான். உண்மையில் நான் செய்வது சாப்பிடும் தத்துவஞானிகள் சிக்கலுக்கு லேமனும் ராபினும் 1981இல் தந்த தீர்வு. அந்தச் சிக்கலில் வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களில் ஒவ்வொருவரும் தன் இருபுறமும் உள்ள, பக்கத்தவரோடு பகிரும் இரு முள்கரண்டிகளும் கிடைத்தால்தான் சாப்பிட முடியும். எந்த முள்கரண்டியை முதலில் எடுப்பது என்பதை ஒவ்வொருவரும் நாணயம் சுண்டி முடிவு செய்வார். அங்கே சுண்டுவதைத் தள்ளிப்போட வழியில்லை. ‘எப்போதாவது ஒருவர் சாப்பிடுவார்’ என்பதன் குறைந்தபட்சம் 0 என்று வருகிறது. தேற்றமோ நிகழ்தகவு 1 என்கிறது.

பதில் 1

தேற்றத்தின் நிபந்தனையைப் பாருங்கள்: ஷெட்யூலர் நியாயமாக நடக்க வேண்டும், அதாவது ஒவ்வொருவருக்கும் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வாய்ப்பு வர வேண்டும். உங்கள் மாதிரியில், அடுத்தவர் கையிலுள்ள முள்கரண்டிக்காகக் காத்திருக்கும் ஒருவரையே ஷெட்யூலர் ஓயாமல் நகர்த்துகிறது. அவர் ‘இன்னும் இல்லை’ என்று பார்த்துக்கொண்டே இருப்பார். மற்றவர்கள் உறைந்து நிற்பார்கள். ப்ரிஸத்தில் நியாய நிபந்தனைக்கான விருப்பத்தை இயக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

கேட்டவர்

1 வந்துவிட்டது.