சோலாரிஸ் 10 சர்வரில் பரிந்துரைக்கப்பட்ட பேட்ச் தொகுப்பு பாதியில் நின்றுவிட்டது: இனி எப்படித் தொடர்வது?

கேள்வி: புதியபொறுப்பு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கான தரவுத்தளம் ஓடும் ஒரு சர்வர் அண்மையில் என் பொறுப்புக்கு வந்தது. அது ஸ்பார்க் டி5220 இயந்திரம். ஆரக்கிளின் யூனிக்ஸ் வகை இயங்குதளமான சோலாரிஸ் 10-இன் 10/08 வெளியீடு (2008 அக்டோபர்) அதில் இருக்கிறது. யூநேம் கட்டளை, இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நிலையை 137137-09 என்று காட்டுகிறது. அந்த வெளியீட்டோடு வந்த கெர்னலே அதுதான் என்பதால், நிறுவிய நாளிலிருந்து இன்றுவரை ஒரு பேட்ச்கூட (மென்பொருள் திருத்தம்கூட) போடப்படவில்லை என்று தெரிந்துகொண்டேன். இயங்குதளம் இருக்கும் ரூட் பகுதி யூஎஃப்எஸ் என்ற பழைய கோப்பு முறைமை வகை. இரண்டு வட்டுகளில் மிரர் செய்யப்பட்டுள்ளது, அதாவது ஒரே தரவு இரண்டிலும் இருக்கிறது. அதன்மேல் இரண்டு சோன்கள் (ஒரே இயந்திரத்தினுள் தனித்தனியாக இயங்கும் சூழல்கள்) ஓடுகின்றன.

ஆதரவு ஒப்பந்தம் இருப்பதால் பரிந்துரைக்கப்பட்ட பேட்ச் தொகுப்பை முழுமையாகத் தரவிறக்கிக்கொண்டேன். அதனுடன் வரும் நிறுவல் நிரல் நிறைய கேள்வி கேட்டதால், அதைப் பயன்படுத்தாமல், பேட்ச்களை எண் வரிசைப்படி ஒவ்வொன்றாக பேட்சை நிறுவும் பேட்ச்ஆட் கட்டளைக்குக் கொடுக்கும் சிறு ஷெல் நிரலை நானே எழுதினேன். தரவுத்தளத்தை நிறுத்திவிட்டு, தொலைவிலிருந்து இணைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைந்து அதை ஓடவிட்டேன். பல பேட்ச்கள் 2 அல்லது 8 என்ற பிழை எண்ணோடு நின்றன. சில 25 என்ற எண்ணோடு நின்றன. பிறகு வந்தவையெல்லாம் 4 என்று காட்டத் தொடங்கியபோது பார்த்தால், லாக் கோப்புகள் முதலியவை சேரும் /வார் பகுதி முழுவதும் நிரம்பியிருந்தது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். கெர்னல் பேட்ச்கள் எதுவும் ஏறவில்லை; மீண்டும் தொடங்கிய தரவுத்தளமும் வழக்கம்போல் ஓடுகிறது. ஆனாலும் இயந்திரத்தை மறுதொடக்கம் செய்ய எனக்குத் துணிவு வரவில்லை.

இந்த நிலையிலிருந்து எப்படி மீள்வது? முழுத் தொகுப்பையும் போடாமல், பாதுகாப்பு தொடர்பான பேட்ச்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் போட்டால் போதாதா?

மறுமொழி: கன்சோல்முன்

வணக்கம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நிலைமை நீங்கள் அஞ்சும் அளவுக்கு மோசமில்லை. நீங்கள் நிறுத்திய இடம் நல்ல இடம்.

அந்த எண்களின் பொருளை அறிந்துகொண்டால் பாதி அச்சம் நீங்கிவிடும். 2 என்றால் அந்தப் பேட்ச் ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். வெளியீட்டோடு சேர்த்தே பல பேட்ச்கள் வந்திருக்கும். 8 என்றால் அந்தப் பேட்ச் திருத்த வேண்டிய மென்பொருள் பொதியே உங்கள் இயந்திரத்தில் இல்லை. இல்லாத வீட்டுக்கு யாரும் பூட்டுப் போட வேண்டியதில்லை. இவ்விரண்டையும் தயங்காமல் கடந்துசெல்லலாம். 25 அப்படிப்பட்டதல்ல: முன்தேவையான வேறொரு பேட்ச் இன்னும் ஏறவில்லை என்பதை அது சொல்கிறது, அது உங்கள் எண் வரிசையால் நேர்ந்தது. பேட்ச் எண் என்பது அது முதலில் வெளியிடப்பட்டபோது கிடைத்த அடையாளம்; கோட்டுக்குப் பின்னுள்ள இரண்டு இலக்கங்கள் அதன் திருத்த நிலை. 119254 என்ற பேட்சின் அண்மைத் திருத்தம் 140000-க்கு மேல் எண்ணுள்ள பல பேட்ச்களுக்குப் பின்னர் வந்ததாக இருக்கலாம். எனவே எண்ணைப் பார்த்து எது முன், எது பின் என்று தீர்மானிக்கவே முடியாது. தொகுப்பினுள்ளே நிறுவும் வரிசையைச் சொல்லும் கோப்பு ஒன்று இருக்கும். சார்புகளைக் கணக்கிட்டு அமைத்த வரிசை அது. தொகுப்போடு வரும் நிறுவல் நிரல் அந்த வரிசையைப் பின்பற்றுவதோடு, வட்டில் இடம் போதுமா என்பதையும் முன்கூட்டியே பார்க்கும். அது நிறைய கேட்கிறது என்று ஒதுக்கியது வருந்தத்தக்கது. அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பட்ட பாட்டிலிருந்து வந்தவை.

4 என்பது, மாற்றப்படும் பழைய கோப்புகளைச் சேமித்துவைக்க முடியவில்லை என்ற அறிவிப்பு. பேட்ச்ஆட் ஒவ்வொரு பேட்சுக்கும் பழைய கோப்புகளைச் சுருக்கி /வார்/சாட்ம் அடைவின் கீழ் வைக்கிறது. பின்னர் பேட்சை நீக்க வேண்டுமானால் அதைக் கொண்டுதான் திரும்ப முடியும். எனவே இடம் வேண்டும் என்பதற்காக அந்த அடைவினுள் எதையும் அழித்துவிடாதீர்கள். அங்கே பொதிகளைப் பற்றிய முழுப் பதிவேடும் இருக்கிறது. அது சிதைந்தால் அந்தச் சர்வரில் இனி எந்தப் பேட்சும் ஏறாது, எதையும் நீக்கவும் முடியாது. அதற்குப் பதிலாக, பழைய நொறுங்கல் பதிவுகள், சுழற்சியில் கழிந்த லாக் கோப்புகள், அனுப்பப்படாமல் குவிந்து கிடக்கும் மின்னஞ்சல் வரிசை ஆகியவற்றைப் பாருங்கள். கண்காணிப்பில்லாத இயந்திரங்களில் /வார் நிரம்புவதற்குப் பெரும்பாலும் அவையே காரணமாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

இடம் கிடைத்ததும், எந்தெந்தப் பேட்ச்கள் ஏறியுள்ளன என்பதை ஷோரெவ் கட்டளையால் பட்டியலிட்டு, உங்கள் நிரலின் பதிவோடு ஒப்பிடுங்கள். அதன்பின் எதையும் நீக்காமல், தொகுப்பின் சொந்த நிரலை முதலிலிருந்து ஓட்டினால் போதும்; ஏற்கெனவே ஏறியவற்றை அது தானாகவே தாண்டிச் செல்லும். ஆனால் அதற்குமுன் ஒரு மாற்றுத் துவக்கச் சூழலை (தனியாகத் துவக்கக்கூடிய இயங்குதள நகலை) உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதைப் பற்றி என்னைவிட அனுபவமுள்ளவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

மறுமொழி: இரண்டாம்வட்டு

பொறுக்கியெடுத்துப் போடலாமா என்ற கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனெனில் இந்த எண்ணம்தான் பல சர்வர்களைத் திறந்த வீடாக வைத்திருக்கிறது.

2007 பிப்ரவரியில் சோலாரிஸ் 10-இல், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் டெல்நெட் சேவையில் ஒரு குறை வெளிப்பட்டது. பயனர் பெயர் கேட்கும் இடத்தில் ஒரு சிறு தெரிவைச் சேர்த்து அனுப்பினால், கடவுச்சொல் கேட்காமலே உள்ளே நுழைய முடிந்தது. அதே மாத இறுதிக்குள் அதைப் பயன்படுத்தும் தானாகப் பரவும் புழு நிரல் ஒன்றும் பரவத் தொடங்கியது. ஸ்பார்க் இயந்திரங்களுக்கு அதைச் சரிசெய்த பேட்ச் 120068-02. அப்போது டெல்நெட்டை நிறுத்தினால் போதும் என்று பலர் எண்ணினர். அந்தக் குறைக்கு அது சரியான தற்காப்புதான். ஆனால் 2020 அக்டோபரில் வெளிவந்ததைப் பாருங்கள். அம்முறை குறை இருந்தது பயனரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் பிஏஎம் நூலகத்தில், பயனர் பெயரைப் பிரித்தெடுக்கும் ஒரு சிறு செயல்கூறில். மிக நீண்ட பெயரைக் கொடுத்தால் நினைவகத்தில் ஒதுக்கிய இடம் வழிந்தது. எஸ்எஸ்ஹெச் வழியாக, கடவுச்சொல் எதுவும் அறியாமலே, தொலைவிலிருந்து அதைத் தூண்ட முடிந்தது. தீவிர அளவீட்டில் அதற்கு 10-க்கு 10 கொடுக்கப்பட்டது. தாக்குபவர்கள் அதை உண்மையிலேயே பயன்படுத்தியதையும் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். பட்டியலைப் பார்த்துப் பொறுக்குகிறவர் "எஸ்எஸ்ஹெச்" என்ற சொல்லைத் தேடுவார். பிஏஎம் என்ற பெயரைக் கடந்துபோய்விடுவார். எது எதைத் தாங்குகிறது என்பதை நாம் முழுமையாக அறிந்திருக்க முடியாது.

பரிந்துரைக்கப்பட்ட தொகுப்பு ஏற்கெனவே பொறுக்கியெடுக்கப்பட்டதுதான். பாதுகாப்புக் குறைகள், தரவு சிதையச் செய்யும் குறைகள், இயந்திரத்தை நிலைகுலையச் செய்யும் குறைகள், அவற்றுக்கு முன்தேவையானவை, பேட்ச் போடும் கருவிகளுக்கான திருத்தங்கள் ஆகியவையே அதில் இருக்கின்றன. எனவே முழுத் தொகுப்பையும் போடுங்கள்; ஒன்றைக்கூட விலக்க வேண்டாம்.

இனி செய்முறை. உங்களிடம் மிரர் செய்த இரண்டு வட்டுகள் இருப்பதால், ஓடும் இயங்குதளத்தின் நகலை உருவாக்கும் லைவ் அப்கிரேட் வசதியால் மிரரின் ஒரு பாதியைப் பிரித்து, அதில் மாற்றுத் துவக்கச் சூழல் ஒன்றை உருவாக்கலாம். இயந்திரம் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்ச்கள் முழுவதும் அந்த மாற்றுச் சூழலில் ஏறும். உங்கள் பயனர்களுக்குத் தெரியக்கூடிய நிறுத்தம் ஒரு மறுதொடக்கம் மட்டுமே. ஏதேனும் தவறானால் பழைய சூழலிலிருந்து துவக்கினால் போதும். நூற்றுக்கணக்கான பேட்ச்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தொடங்குமுன் மிரரின் இரு பாதிகளும் நலமாக உள்ளனவா என்று பாருங்கள். ஒரு பாதி ஏற்கெனவே பழுதாகியிருக்க, நலமான பாதியைப் பிரித்துவிட்டால், ஓடும் சர்வரைத் தாங்குவது பழுதான வட்டுதான். பிரித்த பிறகும், மீண்டும் சேர்க்கும் வரை ஒற்றை வட்டில்தான் ஓடுகிறீர்கள் என்பதால், வெளியே ஒரு முழு பேக்கப் கட்டாயம் வேண்டும்.

அடுத்து, லைவ் அப்கிரேட் பொதிகளையும் அவற்றுக்குரிய 121430 என்ற பேட்சின் அண்மைத் திருத்தத்தையும் முதலில் போடுங்கள். பல ஆண்டுகள் பழைய கருவியைக் கொண்டு மாற்றுச் சூழலை உருவாக்க முயன்று, சோன்கள் சரியாக நகலாகாமல் ஓர் இரவை இழந்திருக்கிறேன். தொகுப்பின் நிறுவல் நிரலில் முன்தேவைகளை மட்டும் ஏற்றும் தெரிவு ஒன்று உண்டு. ஓடும் சூழலில் அதை ஒருமுறை ஓட்ட வேண்டும். பேட்ச் கருவியே புதுப்பிக்கப்படாவிட்டால் புதிய பேட்ச்களை அதனால் சரியாகக் கையாள முடியாது. அதன்பின் மாற்றுச் சூழலின் பெயரைக் கொடுத்து அதே நிரலை ஓட்டுங்கள். சோன்கள் இருப்பதால் நேரம் கூடும். பேட்ச் கருவிக்கான 119254-66 முதல் சோன்களுக்கு இணையாகப் பேட்ச் போடும் வசதி இருக்கிறது, அதன் அமைப்புக் கோப்பில் எண்ணிக்கையைக் கூட்டினால் போதும்.

இறுதியாக ஒன்றை மறக்கவே கூடாது. புதிய சூழலைச் செயல்படுத்தும் லூஆக்டிவேட் கட்டளையை ஓட்டிய பின், இனிட் 6 அல்லது ஷட்டவுன் மூலமாக மட்டுமே மறுதொடக்கம் செய்யுங்கள். ரீபூட், ஹால்ட் என்ற கட்டளைகள் சேவைகளை முறைப்படி நிறுத்தாமல் விழுத்திவிடும்; சூழல் மாறுவதற்கான இறுதி வேலைகள் அந்த முறையான நிறுத்தத்தின்போதுதான் நடக்கின்றன. லூஆக்டிவேட் திரையில் காட்டும் மீட்பு வழிமுறையையும் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அது தேவைப்படும்போது அந்தத் திரை உங்கள் முன் இருக்காது.

மறுமொழி: தனிப்பயனர்நிலை

மேலே சொன்னவற்றை மதிக்கிறேன், ஆனால் ஒரு மாற்றுக் கருத்து. யூஎஃப்எஸ் ரூட்டும் சோன்களும் சேர்ந்த இயந்திரத்தில் லைவ் அப்கிரேட் நுணுக்கமானது. சோனின் அடைவு பொதுப் பகுதியில் இருந்தால் அதன் நகலும் அங்கேயே உருவாகும். அதற்கு இடமில்லாமல் பாதியில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். ரூட் இசட்எஃப்எஸ் என்ற புதிய கோப்பு முறைமையாக இருந்திருந்தால் நகலெடுப்பது நொடிகளில் முடியும், நானும் அதையே பரிந்துரைத்திருப்பேன்.

ஒரு ஞாயிறு முழுவதும் நிறுத்தம் கிடைக்குமானால், பழைய வழி எளிது: மிரரின் ஒரு பாதியைப் பிரித்துவைத்து, அதிலிருந்து துவங்க முடிகிறதா என்பதைச் சோதித்து, இயந்திரத்தை, நிர்வாகி மட்டுமே வேலை செய்யும் தனிப்பயனர் நிலைக்குக் கொண்டுபோய், தொகுப்பின் நிரலை ஓட்டுங்கள். சில பெரிய கெர்னல் பேட்ச்களுக்குப் பின் நிரல் நின்று மறுதொடக்கம் கேட்கும். அப்போது அந்த மாற்றங்கள் இன்னும் நடப்புக்கு வரவில்லை என்பதால், மறுதொடக்கத்துக்கு முன் வேறு எந்த மாற்றமும் செய்யக்கூடாது. எந்த வழியைத் தேர்ந்தாலும் எஸ்எஸ்ஹெச் வழியாகச் செய்யாதீர்கள். டி5220-இல் இயங்குதளத்தைச் சாராமல் தனியாக இயங்கும் சேவைச் செயலி இருக்கிறது. அதன் கன்சோலிலிருந்து செய்தால் பிணையம் அறுந்தாலும் வேலை அறுபடாது, துவங்காமல் நின்றால் எந்த இடத்தில் நின்றது என்பதையும் காணலாம்.

மறுமொழி: புதியபொறுப்பு

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நடந்ததைப் பதிவு செய்கிறேன்.

/வார் பகுதியை நிரப்பியிருந்தது, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அனுப்பி யாரும் படிக்காத செய்திகளால் குவிந்த மின்னஞ்சல் வரிசையே. அதைத் துடைத்ததும் போதிய இடம் கிடைத்தது. சோன்களின் நகலுக்கும் இடமிருப்பதை அளந்து பார்த்து உறுதி செய்துகொண்டதால் லைவ் அப்கிரேட் வழியையே தேர்ந்தேன். மிரரைச் சோதித்தபோது இரு பாதிகளும் நலமாக இருந்தன. ஆனால் மிரரின் நிலையைப் பதிந்துவைக்கும் தரவுப் பிரதிகள் அனைத்தும் ஒரே வட்டில் இருந்ததைக் கண்டேன். அந்த வட்டு போயிருந்தால் மற்றொன்று நலமாக இருந்தும் பயனிருந்திருக்காது. அவற்றை இரு வட்டுகளிலும் பிரித்து வைத்த பிறகே தொடங்கினேன்.

பேட்ச்கள் ஏற ஓர் இரவு முழுவதும் ஆயிற்று. அதற்குள் தரவுத்தளம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. கன்சோலிலிருந்து இனிட் 6 கொடுத்தேன். இயந்திரம் எழுந்தது, சேவைகளைச் சோதித்தபோது பழுதான சேவை எதுவும் இல்லை, சோன்களும் எழுந்தன. யூநேம் இப்போது 150400 வரிசையைக் காட்டுகிறது. ஒரே ஒரு குழப்பம்: வெளியீட்டு விவரம் இருக்கும் கோப்பு இன்னும் 10/08 என்றே சொல்கிறது. ஏதேனும் விடுபட்டுவிட்டதா?

மறுமொழி: கன்சோல்முன்

எதுவும் விடுபடவில்லை, மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள். அந்தக் கோப்பு இயந்திரம் எந்த வெளியீட்டிலிருந்து நிறுவப்பட்டது என்பதை மட்டுமே சொல்லும். பேட்ச் தொகுப்பு அதைத் தொடுவதில்லை. ஏற்கெனவே இருக்கும் பொதிகள் திருத்தப்பட்டுள்ளன; பின்னர் வந்த வெளியீடுகளில் புதிதாகச் சேர்ந்த பொதிகள் மட்டும் உங்களிடம் இருக்காது. தணிக்கையாளர் கேட்டால் கெர்னல் எண்ணையும் ஷோரெவ் பட்டியலையும் காட்டுங்கள்.

பிரித்துவைத்த பழைய பாதியை உடனே மிரரில் சேர்த்துவிடாதீர்கள். மாத இறுதிக் கணக்கு முடிப்பு ஒன்றைப் புதிய சூழலில் கடந்த பிறகு சேருங்கள், ஏனெனில் சேர்த்த கணத்திலிருந்து பழைய சூழல் இல்லாமல் போய்விடும். ஆரக்கிளின் பாதுகாப்புத் திருத்தங்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் வருகின்றன. அடுத்ததற்கு ஒரு நாளை இப்போதே உங்கள் மேலாளரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.