ஆவியாதலின் உள்ளுறை வெப்பம்: விடை 1,968 மட்டுமே வருவது ஏன்?

கேள்வி:
நீராவியைக் குளிர்ந்த நீருக்குள் செலுத்தி, நீரின் ஆவியாதல் உள்ளுறை வெப்பத்தைக் (ஒரு கிராம் நீர் வெப்பநிலை மாறாமல் ஆவியாகத் தேவைப்படும் வெப்பம்; ஆவி நீராகும்போது அதுவே வெளிப்படும்) கண்டறியும் சோதனையைப் பள்ளி ஆய்வகத்தில் மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் விடை குறைவாகவே வந்தது. கடைசி அளவீடுகள் இவை: செம்புக் கலோரிமீட்டர் (வெப்ப மாற்றத்தை அளக்க உதவும் கலம்) 60 கிராம், அதிலிருந்த நீர் 150 கிராம், தொடக்க வெப்பநிலை 28 டிகிரி செல்சியஸ், இறுதி வெப்பநிலை 44 டிகிரி, சேர்ந்த நீராவி 4.75 கிராம். அறை வெப்பநிலையும் 28 டிகிரிதான். கிராமுக்கு 1,968 ஜூல் என்று கிடைக்கிறது. பாடநூல் மதிப்போ ஏறத்தாழ 2,260. கணக்கீட்டில் பிழை உள்ளதா?

பதில் 1:
கணக்கீட்டில் பிழை இல்லை. நீரும் கலமும் பெற்ற வெப்பம் 10,464 ஜூல், அதை 4.75ஆல் வகுத்து, ஆவி நீரான பின் 100 டிகிரியிலிருந்து 44க்கு இறங்குகையில் கிராமுக்குக் கொடுத்த 235 ஜூலைக் கழித்தால் உங்கள் விடையே வருகிறது. ஐயுற வேண்டியது அந்த 4.75 கிராமைத்தான். கலத்துக்குள் வந்தது முழுவதும் ஆவியே என்று சூத்திரம் கொள்கிறது. ஆனால் ரப்பர் குழாயின் சுவரில் குளிர்ந்து நீரான துளிகள், உள்ளுறை வெப்பத்தை வழியிலேயே இழந்துவிட்டு, நிறையை மட்டும் தராசுக்குக் கொண்டுவருகின்றன. 0.6 கிராம் அவ்வாறு வந்திருந்தாலே உங்கள் குறைவு முழுவதற்கும் போதும். குழாயைக் குட்டையாக்கிப் பஞ்சு சுற்றுங்கள். சிறிது நேரம் ஆவி தடையின்றி வெளியேறிய பிறகு, முனையைத் துடைத்துவிட்டு நீருக்குள் இறக்குங்கள்.

பதில் 2:
துளிகள் மட்டுமே காரணம் என்று நான் கருதவில்லை. அறை வெப்பநிலையில் தொடங்கியதால், சோதனை நடந்த நேரம் முழுவதும் கலம் வெளியே வெப்பத்தை இழந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்த இழப்பால் இறுதி வெப்பநிலை 1 டிகிரி குறைந்திருந்தால், உண்மை விடை 2,110ஐ ஒட்டி இருக்கும். நீரை 20 டிகிரிக்குக் குளிர்வித்துத் தொடங்கி 36இல் நிறுத்தினால், முதற்பாதியில் உள்ளே வருவதும் பிற்பாதியில் வெளியே போவதும் பெருமளவு ஈடாகும்.

கேள்வி கேட்டவர்:
20 டிகிரிக்குக் குளிர்வித்தபோது கலத்தின் வெளிப்புறம் வியர்த்துவிட்டது. எடை பார்க்குமுன் அதைத் துடைத்துவிட்டால் போதுமா?

பதில் 2:
நிறைக்குப் போதும், வெப்பத்துக்குப் போதாது, காற்றின் ஈரம் சுவரில் படியும்போது தன் உள்ளுறை வெப்பத்தைக் கலத்துக்கே கொடுத்துவிடுகிறது (நாம் அளக்க முயலும் அதே வெப்பம்!). வெளிப்புறம் உலர்ந்திருக்கும் அளவுக்கு மட்டும் குளிர்வியுங்கள்.

பதில் 1:
அப்படியானால், அறை வெப்பநிலைக்கு எவ்வளவு கீழே தொடங்குகிறோமோ அவ்வளவே மேலே நிறுத்த வேண்டியிருப்பதால், வெப்பநிலை ஏற்றம் சுருங்கும், ஆவியின் நிறையும் குறையும் என்பதை மறக்க வேண்டாம். 4.75 கிராமிலேயே 0.1 கிராம் எடைப்பிழை விடையை 45 ஜூல் வரை நகர்த்துகிறது. எனவே 0.01 கிராம் வரை காட்டும் தராசு கிடைத்தால் மட்டுமே 22 டிகிரிக்கு மேல் தொடங்குங்கள்.